கால் கிலோ போதும், அக்கா

போன இதழில் காப்பி பில்டர் அடைப்பு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்லப்போய், "தூள் பழசாகிவிட்டால் எந்தப் பில்டராலும் காப்பாற்ற முடியாது" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு செங்கோட்டையிலிருந்து உவரி வரை கடிதமாக வந்து குவிந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடையில் முப்பது வருடம் நின்றவன் என்பதால் எனக்கும் வாய் சும்மா இருக்காது. எனவே இந்த மாதம் முழுக்கக் காப்பித்தூள் பேச்சுதான். மிக்ஸி ரிப்பேர் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை கொஞ்சம் பொறுக்கணும்.

கேள்வி: அண்ணாச்சி, வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். மாதம் ஒரு தடவை தென்காசி போகும்போது ஒரு கிலோ தூள் வாங்கிவந்து, பெரிய கண்ணாடி பாட்டிலில் கொட்டி, அடுப்புக்கு மேலே இருக்கும் ஷெல்ஃபில் வைக்கிறேன். சாரல் காலத்தில் பத்தே நாளில் தூள் கட்டிப்போய், கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. வெயிலில் காயவைத்தால் சரியாகுமா? எந்த டப்பா வாங்கினால் கட்டாது?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: அக்கா, டப்பாவைத் திட்டாதீங்க, அது பாவம். முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டு பேர், காலையும் சாயங்காலமும் ஆளுக்கொரு டம்ளர் என்றால் நாளைக்கு நாலு டம்ளர். டம்ளருக்கு ஆறு கிராம் தூள் என்று வைத்தாலும் நாளைக்கு 25 கிராமைத் தாண்டாது. ஒரு கிலோ 40 நாள் வரும். நீங்களோ மாதம் ஒரு தடவை வாங்குகிறீர்கள். அப்படியானால் போன மாதத்துத் தூள் தீருவதற்கு முன்னாலேயே அதன் தலையில் புதுத்தூள் விழுகிறது, அடியில் கிடப்பது பங்குனியில் வாங்கியதா வைகாசியில் வாங்கியதா என்று உங்களுக்கே தெரியாது. அந்த 40 நாளில் பாட்டிலை எத்தனை தடவை திறப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எண்பது தடவை. ஒவ்வொரு தடவையும் செங்கோட்டைச் சாரல் காற்று ஒரு மடக்கு உள்ளே போய்விட்டு வருகிறது.

கொட்டை முழுசாக இருக்கும்வரை வாசனையும் எண்ணெயும் உள்ளே அடைந்து கிடக்கும். அரைத்துவிட்டால் ஒரு கொட்டை நூற்றுக்கணக்கான துகளாகி, ஒவ்வொரு துகளும் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கடையில் அரைக்கும்போது தெருமுனை வரை மணக்கிறதே, ஆகா என்று மூக்கை விரித்துக்கொண்டு நிற்கிறோமே, அது அத்தனையும் உங்கள் டம்ளருக்கு வரவேண்டிய மணம், வழியிலேயே இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல தூள் பிரித்த முதல் ஒரு வாரம் நன்றாக இருக்கும், இரண்டாம் வாரம் பரவாயில்லை, அதற்கு மேல் நிறமும் கசப்பும்தான் மிச்சம். ஆகவே உங்கள் இருவருக்கும் கால் கிலோ, பத்து நாளைக்கு. தென்காசிக்கு மாதம் ஒரு தடவைதான் போக முடியும் என்பீர்கள். சரி, முக்கால் கிலோ வாங்குங்கள், ஆனால் மூன்று கால் கிலோ பாக்கெட்டாகக் கட்டி நன்றாக ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒன்று தீர்ந்து டப்பாவைத் துடைத்த பிறகுதான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். புதுசைப் பழசின் மேல் கொட்டுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது அந்த ஷெல்ஃப். அடுப்புக்கு மேலே கை எட்டும் தூரத்தில் காப்பித்தூள் இருப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் குக்கர் விசில் அடிக்கிற ஆவி, குழம்பு கொதிக்கிற ஆவி, சோறு வடிக்கிற ஆவி எல்லாம் நேரே அங்கேதான் ஏறுகிறது. கூடவே சூடும் சேர்கிறது. வறுத்த காப்பியில் ஈரம் ரொம்பக் குறைவு என்பதால் பக்கத்தில் எங்கே ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதிலும் சிக்கரி கலந்த தூள் என்றால் கேட்கவே வேண்டாம். சிக்கரி ஒரு செடியின் வேர். அதை வறுத்து அரைத்த பொடியில் தண்ணீரில் கரையக்கூடிய சர்க்கரை வகைகள் நிறைய உண்டு, ஈரம் பட்டால் பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும். உங்கள் தூள் பத்து நாளில் கட்டுகிறது என்றால் சிக்கரி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கலப்புத் தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும் என்பது சட்டம்.

என் யோசனை, காப்பியையும் சிக்கரியையும் தனித்தனியாக வாங்குங்கள். சாரல் காலத்தில் மட்டுமாவது இப்படிச் செய்யலாம். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டால் கட்டுவதற்கு நேரமே இருக்காது.

சாரலைச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. மங்களூர்ப் பக்கம் மேற்குக் கரையில் இதே தென்மேற்குக் காற்றை வைத்தே ஒரு காப்பி தயார் செய்கிறார்கள். வறுக்காத பச்சைக்கொட்டையைக் கடலோரக் கிடங்குகளில் பரப்பி, மழைக்காற்று படும்படி வாரக்கணக்கில் வைத்திருந்து, புரட்டிப் புரட்டிப் போடுவார்கள். கொட்டை ஊதிப் பெருத்து வெளிறிப்போய்விடும், புளிப்பும் குறைந்துவிடும். மான்சூண்ட் மலபார் என்று வெளிநாட்டில் அதற்குத் தனி விலை. அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் போன கொட்டை இப்படித்தான் ஆகுமாம். ஐரோப்பாக்காரர்களுக்கு அந்த ருசியே பழகிப்போய், பிறகு கப்பல் வேகமாகப் போக ஆரம்பித்ததும் பழைய ருசி இல்லையே என்று ஏங்கினார்களாம். ஆனால் அதெல்லாம் பச்சைக்கொட்டைக்கு. உங்கள் பாட்டிலில் இருப்பது வறுத்து அரைத்த தூள், அதைச் சாரல் தொட்டால் விலை ஏறாது.

வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். ஈரம் போகும்தான், கூடவே மிச்சமிருந்த மணமும் போய்விடும். லேசாகக் கட்டியிருந்தால் உதிர்த்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பூசண வாடை வந்தாலோ, வெள்ளையாக நூல் போலத் தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: தூளை ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும் என்று எங்கள் அத்தை சொல்கிறார். கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். தினமும் காலையில் இதே சண்டை. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
– ஒரு மருமகள், பாளையங்கோட்டை

பதில்: பெரிய வம்பில் மாட்டிவிடுகிறீர்களே அம்மா! அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அடுக்களை என்ன சூட்டில் இருக்கும்! சூடு பத்து டிகிரி ஏறினால் எதுவும் கெட்டுப்போகிற வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதனால் குளிர்ச்சியான இடம் தேடுவதில் தப்பே இல்லை.

தப்பு ஃபிரிஜ்ஜில்தான். காலை ஐந்தரை மணிக்குக் குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறக்கிறீர்கள், ஐஸ் தண்ணீர்ச் சொம்பு வெளியே வேர்க்கிறது இல்லையா, அதே வேர்வை தூளுக்குள்ளேயே வேர்க்கும். உடனே மூடி மறுபடி உள்ளே. சாயங்காலம் இன்னொரு தடவை. ஒரு வாரத்தில் ஈரத்தூள். இன்னொன்று, காப்பித்தூள் மாதிரி வாடையை உறிஞ்சுகிற சாமான் வேறு கிடையாது. ஃபிரிஜ்ஜில் கெட்ட வாடை வந்தால் ஒரு கிண்ணத்தில் காப்பித்தூள் வைப்பார்கள், தெரியும்தானே. அந்த ஃபிரிஜ்ஜில் புளித்த தோசைமாவு, நறுக்கிய வெங்காயம், சாமிக்கு வாங்கிய மல்லிகைப்பூ, நேற்றைய மீன்குழம்பு எல்லாம் இருக்கும். அத்தனையும் சேர்ந்து டவராவில் வந்து நிற்கும்.

எனவே தினமும் எடுக்கிற டப்பா ஃபிரிஜ்ஜுக்கு வெளியே, அடுப்பைவிட்டுத் தள்ளி, கதவு மூடிய அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். சூடு மேலேதான் ஏறும், கீழ்த்தட்டு கொஞ்சம் தணிவாகவே இருக்கும். தண்ணீர்ப்பானை பக்கத்திலும் வேண்டாம், அங்கே ஈரம். தீர்ப்பு உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான், ஆனால் அத்தையிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஃப்ரீசர் வேறு கதை, அது அடுத்த தம்பிக்கான பதிலில் வருகிறது. அத்தைக்கு அதை வாசித்துக் காட்டினால் ஓரளவு சமாதானம் ஆகிவிடுவார்.

கேள்வி: சென்னையில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து திரும்பும்போது இரண்டு கிலோ தூளோடுதான் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவேன். முதல் பத்து நாள் ஊர்க் காப்பி, அப்புறம் ஆபீஸ் மெஷின் காப்பியைவிட மோசம். அங்கே தூள் வாங்க எனக்கு மனசு இல்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி

பதில்: தம்பி, உங்கள் ஊர்ப்பாசம் புரிகிறது. சென்னையிலும் கொட்டையைக் கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடைகள் நிறைய இருக்கின்றன, அந்தக் கொட்டையும் கர்நாடக மலையிலிருந்தோ நம்ம கொடைக்கானல், ஏற்காடு பக்கத்திலிருந்தோதான் வருகிறது, தாமிரபரணிக் கரையில் ஒன்றும் விளையவில்லை. மனசு கேட்காது என்கிறீர்கள், சரி, வழி சொல்கிறேன்.

முதல் வழி, தூளாக வாங்காமல் வறுத்த கொட்டையாக வாங்குவது. நல்ல பாக்கெட்டில் காற்றுப் புகாமல் இருந்தால் கொட்டை மூன்று நாலு வாரம் தாராளமாக நிற்கும். ஒரு சின்ன கைமில் வாங்கிக்கொண்டு அன்றன்றைக்கு அரைத்துக்கொள்ளலாம். மிக்ஸியில் அரைப்பேன் என்று அடம்பிடித்தால் விட்டு விட்டு, இரண்டு இரண்டு விநாடியாக ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடாகி மணம் அங்கேயே போய்விடும், தூளும் ஒரு பக்கம் மாவாகவும் ஒரு பக்கம் நொய்யாகவும் இருக்கும். அந்த மாவு போய்ப் பில்டர் ஓட்டையை அடைத்துக்கொண்டு, ராத்திரி ஊற்றிய டிக்காஷன் காலையில் பாதிதான் இறங்கியிருக்கும்.

இரண்டாவது வழி ஃப்ரீசர். இதைச் சரியாகச் செய்தால் நல்லது, அரைகுறையாகச் செய்தால் ஃபிரிஜ்ஜைவிடக் கேடு. ஊரிலேயே கடைக்காரரிடம் 100 கிராம் பாக்கெட்டாகக் கேளுங்கள், முகம் சுளிப்பார், நான் சுளித்திருக்கிறேன், ஆனாலும் கட்டிக் கொடுப்பார். அரைத்ததும் தூள் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும், ஆறிய பிறகு ஒவ்வொரு பாக்கெட்டையும் காற்றை அமுக்கி வெளியேற்றி, ஜிப் கவரில் போட்டு, எல்லாவற்றையும் ஒரு மூடி இறுகிய டப்பாவில் அடுக்குங்கள். சென்னை போய்ச் சேர்ந்ததும் அப்படியே ஃப்ரீசரில். ரயில் போகிற அந்த ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. வாரம் ஒரு பாக்கெட் ராத்திரி வெளியே எடுத்து, பிரிக்காமல் மேஜையில் வைத்துவிடுங்கள். காலையில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். குளிரோடு பிரித்தால் முன்பு சொன்ன வேர்வைதான். பிரித்ததை எக்காரணம் கொண்டும் திரும்ப ஃப்ரீசருக்குள் வைக்கக் கூடாது. இப்படிச் செய்தால் இரண்டு மூன்று மாதத்துத் தூளிலும் ஊர் ருசி மிச்சம் இருக்கும். ஒரு ஆளுக்கு இரண்டு கிலோ ரொம்ப அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். ரூமில் உள்ள எல்லாரும் குடிக்கிறார்கள் என்றால் வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணாடி பாட்டிலா, எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா, எது நல்லது? ஆச்சி காலத்துப் பித்தளைச் சம்படம் ஒன்று பரணில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: எவர்சில்வர், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். முடிந்தது. வெளிச்சமும் காப்பிக்கு ஆகாது, அதனால் கண்ணாடி வைத்தால் இருட்டு அலமாரிக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் போகாது. பித்தளைச் சம்படத்தின் மூடி பெரும்பாலும் லூசாகத்தான் இருக்கும், அதைத் துலக்கி ஹாலில் வையுங்கள், பார்க்க அழகு.

அளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதுதான் முக்கியம். கால் கிலோ தூளைப் போட்டால் கழுத்து வரை நிறைகிற டப்பாவாகப் பாருங்கள். ஒரு கிலோ டப்பாவின் அடியில் கால் கிலோ தூள் கிடந்தால் மேலே முக்கால் டப்பாவும் காற்றுதான், எவ்வளவு இறுக்கி மூடி என்ன பிரயோஜனம்? இதற்கு எளிய வழி, தூளைப் பாக்கெட்டோடு டப்பாவில் வைத்து, எடுக்க எடுக்கப் பாக்கெட் வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவது. நான் வீட்டில் இப்படித்தான் வைக்கிறேன், பார்க்க லட்சணமாக இருக்காது.

டப்பாவைக் கழுவாமல் அடுத்த தூளைக் கொட்டாதீர்கள். காப்பிக்கொட்டையில் பத்துப் பதினைந்து சதவீதம் எண்ணெய்தான். அது டப்பாவின் ஓரத்தில் படிந்து, நாளாக ஆகக் காறிப்போன தேங்காயெண்ணெய் மாதிரி வாடை அடிக்கும், புதுத்தூள் போட்ட அன்றைக்கே அதுவும் காறும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து (டப்பாவை மட்டும்!), ஆறிய பிறகு தூளைப் போடுங்கள்.

வேறு சாமான் வைத்திருந்த டப்பாவும் வேண்டாம். சொந்த அனுபவம். கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டு ஆட்கள் முதல்முறை வருகிறார்கள் என்று கடையிலிருந்து நானே பார்த்துப் பார்த்து வறுத்த பீபெரியை (பழத்துக்குள் ஒற்றையாக விளைகிற உருண்டைக் கொட்டை) வாங்கிவந்து, பளபளவென்று இருந்த ஒரு சம்படத்தில் போட்டு வைத்தேன். அது அதற்கு முந்தின வாரம் வரை பெருங்காயச் சம்படம். நான் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல், "ரசம் நல்லாருக்கு மாப்பிள்ளை" என்றார். காப்பிக்கடையில் நிற்கிறவன் வீட்டில் இந்தக் கதி. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் எனக்குக் காப்பி கொடுக்கும்போது மச்சினன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஒரு பாக்கெட் கொட்டை வாங்கினேன். இரண்டு நாளில் தலையணை மாதிரி உப்பிவிட்டது. தயிர் பாக்கெட் உப்பினால் கெட்டது என்போமே, இதுவும் கெட்டுவிட்டதா? இன்னொரு கம்பெனி பாக்கெட்டில் பட்டன் மாதிரி ஒரு ஓட்டை இருக்கிறது, அது எதற்கு?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: உப்பினால் சந்தோஷப்படுங்கள். கொட்டையை 200 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது உள்ளே கரியமில வாயு உண்டாகி அடைபட்டுக்கொள்ளும். வறுத்த பிறகு பல நாளைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும், பாக்கெட் இறுக்கமாக இருந்தால் உப்பும். புதுசாக வறுத்த கொட்டை என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பட்டன் ஒருவழிக் கதவு. உள்ளே இருக்கிற வாயு வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வரமுடியாது. அதன் மேல் செல்லோடேப் ஒட்டி அடைத்து வைத்திருக்கிற வீட்டையும் பார்த்திருக்கிறேன், தேவையில்லை.

வறுத்த அன்றே குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாள் பொறுத்தால் ருசி கூடி நிற்கும். பாக்கெட்டில் எப்போது பறித்த கொட்டை என்று தேடாதீர்கள். அராபிகா வகைக் காப்பியின் பறிப்பு கார்த்திகை, மார்கழி, தை வாக்கில் முடிந்துவிடும், அதைத்தான் வருடம் முழுக்க வறுக்கிறோம். பச்சைக்கொட்டை காய்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். வறுத்த தேதியை மட்டும் கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால் வேறு கடை.

கேள்வி: நேரில் பார்த்தே தூள் புதுசா என்று கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: மோந்து பார்ப்பதுதான் முதல் சோதனை, ஆனால் கடைக்குள் நின்று மோந்தால் எல்லாத் தூளும் மணக்கும், வெளியே தெருவுக்கு வந்து மோந்து பாருங்கள். வீட்டில் என்றால் பில்டரில் தூளைப் போட்டு முதலில் கொஞ்சமாகக் கொதிநீர் ஊற்றுங்கள். புதுத்தூள் பொங்கி, நுரைத்து, மேலே எழும்பும். பழந்தூள் சேறு மாதிரி அப்படியே அமுங்கிக் கிடக்கும். சிக்கரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத்தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவினால் போதும். காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். கடையில் போய் இதைச் செய்து காட்டிச் சண்டை பிடிக்காதீர்கள், சிக்கரி கலப்பது குற்றம் இல்லை, சொல்லாமல் கலப்பதுதான் குற்றம்.

கேள்வி: காலையிலேயே நிறைய டிக்காஷன் போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்து இரண்டு மூன்று நாள் பயன்படுத்துகிறேன். வேலைக்குப் போகிறவள், தினமும் பில்டரோடு மல்லுக்கட்ட முடியாது. தப்பா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தப்பு என்று சொல்ல நான் யார் தாயி, அடுக்களையில் நிற்பது நீங்கள். ஆறியதும் மூடி போட்ட சின்ன பாட்டிலில் ஊற்றி ஃபிரிஜ்ஜில் வைத்தால் மறுநாள் வரை நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாள் புளிப்பும் ஒரு மாதிரிக் கசப்பும் தட்டும், குடித்தால் ஒன்றும் ஆகாது, ருசி இருக்காது. டிக்காஷனைத் திரும்ப அடுப்பில் வைத்துச் சுட வைக்காதீர்கள், அதுதான் அதைக் கெடுப்பது. பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சி, குளிர்ந்த டிக்காஷனை நேரே அதில் ஊற்றுங்கள், போதும். ராத்திரி படுக்கும்போது பில்டரில் ஊற்றிவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும், அதையும் யோசித்துப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. பில்டரில் கொதிநீரை ஊற்றும்போது தூள் டப்பா பக்கத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு இருக்கும் நிறைய வீட்டில். ஆவி எல்லாம் அதற்குள். தூளைப் போட்டதும் மூடி, தள்ளி வைத்துவிட்டு, அப்புறம் தண்ணீரை எடுங்கள். ஈரக் கரண்டியும் வேண்டாம், டப்பாவுக்குள்ளேயே காய்ந்த கரண்டி ஒன்று கிடக்கட்டும்.

கேள்வி: எங்களுக்குப் பில்டர் எல்லாம் பழக்கமில்லை, இன்ஸ்டன்ட் தூள்தான். பாட்டில் திறந்த ஒரு மாதத்தில் தார் மாதிரி இறுகிவிட்டது. தூக்கிப் போடணுமா?
– ஒரு வாசகர், உவரி

பதில்: இன்ஸ்டன்ட் என்பது காப்பியை வடித்து உலர்த்திய பொடி, தண்ணீரைக் கண்டால் கரைவதற்கென்றே செய்தது. உங்களுக்கோ வாசலில் கடல், உப்புக்காற்று. வாடை மாறாமல் பூசணம் இல்லாமல் இருந்தால் சுடுதண்ணீரில் கரைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். இனிமேல் பாட்டில் வேண்டாம், அன்றன்றைக்குக் கிழிக்கிற சின்ன பாக்கெட் சரம் வாங்குங்கள், கணக்குப் பார்த்தால் நஷ்டம் இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். ஐப்பசி மழை வந்துவிட்டால் கருப்பட்டி கசிந்து ஒழுகுகிறது, எறும்பு வேறு. பாலில் போட்டால் சில நாள் திரிந்தும் போகிறது. காப்பித்தூளைப் பற்றி எழுதுகிறவர் கருப்பட்டியை மறக்கலாமா அண்ணாச்சி?
– ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: மறப்பேனா அக்கா! உடன்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் என்னைக் கேட்பதுதான் வேடிக்கை. பதனீர்க் காலம் கோடை, அப்போது காய்ச்சிய கருப்பட்டி காய்ந்து கல் மாதிரி இருக்கும். மழைக்காற்று பட்டால் கசியும், அதில் உள்ள சர்க்கரையின் குணம் அப்படி. ஆச்சிமார் ஓலைக்கொட்டானில் வைத்து விறகடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள், புகையும் சூடும் பட்டு ஈரம் அண்டாது. காப்பித்தூளுக்கு அடுப்புக்கு மேலே ஆகாது என்று செங்கோட்டைக்குச் சொன்னேன், கருப்பட்டிக்கு அதுவே நல்ல இடம். ஆனால் கேஸ் அடுப்பு வந்த பிறகு புகை ஏது, ஆவி மட்டும்தான்.

இப்போதைக்கு வழி, மழை தொடங்கும் முன்னாலேயே ஒவ்வொரு வட்டையும் தாளில் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்துவிடுவது. ஏற்கெனவே கசிந்துவிட்டதா, அதைத் தட்டிப்போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சி, வடிகட்டி, ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃபிரிஜ்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் சுத்தியலைத் தேட வேண்டாம், இரண்டு கரண்டி பாகு ஊற்றினால் வேலை முடிந்தது. பால் திரிவதற்குக் காரணம் கருப்பட்டியில் உள்ள லேசான புளிப்பு. கொதிக்கிற பாலில் அதைப் போட்டுச் சேர்த்துக் கொதிக்க விட்டால் திரியும். அடுப்பை அணைத்து, பாலையும் டிக்காஷனையும் கலந்து, பாகைக் கடைசியில் டம்ளரில் விட்டு ஆற்றுங்கள். பாகை வடிகட்ட டீ வடிகட்டி போதாது, வெள்ளைத்துணியை இரண்டாக மடித்து வடிகட்டினால்தான் மண் நறநறவென்று பல்லில் மாட்டாது.